ஏழு இரவில் மூன்று: ப்ளூ ஏப்ரன் பெட்டி யாருக்குப் பொருந்தியது?

2017ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் அமெரிக்காவின் ப்ளூ ஏப்ரன் நிறுவனத்துக்கு 10.36 லட்சம் வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். சமையலுக்கு வேண்டிய பொருட்களை அளந்து, செய்முறையோடு வீட்டுக்கு அனுப்பும் பெட்டிக்கு மீல் கிட் என்று பெயர். அந்தத் தொழில் அங்கே உச்சத்தில் இருந்த நேரம் அது. சந்தா கட்டினால் வாராவாரம் வாசலுக்குப் பெட்டி வந்துவிடும். மூன்று மாதத்துக்குப் பதின்மூன்று வாரம். ஆனால் அந்தக் காலாண்டில் ஒருவர் சராசரியாக வாங்கியது 4.1 பெட்டிதான். பங்குச் சந்தைக்குப் போவதற்காக நிறுவனமே தாக்கல் செய்த ஆவணத்தில் உள்ள எண் இது.

இந்தச் சராசரியில் பாதியில் சேர்ந்தவர்களும் பாதியில் விலகியவர்களும் அடக்கம். அதனால் எண் கொஞ்சம் குறைவாகத்தான் தெரியும். அதைக் கழித்துப் பார்த்தாலும் வாரச் சந்தா என்று விற்ற ஒன்றை, வாராவாரம் வாங்கியவர்கள் குறைவு என்பது மாறாது. வேலைக்கும் போய்க்கொண்டு வீட்டிலும் சமைக்கிறவர்களுக்கு மீல் கிட் ஒத்துவருமா என்று யோசிக்க இங்கிருந்து தொடங்குவதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. பங்குச் சந்தையில் இருந்த ஆறு வருடமும் எத்தனை பேர், எத்தனை முறை, எவ்வளவுக்கு வாங்கினார்கள் என்பதை ப்ளூ ஏப்ரன் வெளியிட்டு வந்தது. லட்சக்கணக்கான சமையலறைகளில் நடந்தது அந்தக் கணக்கில் தெரிகிறது.

பெட்டிக்குள் என்ன இருந்தது

மீல் கிட் யோசனை அமெரிக்காவில் பிறந்ததல்ல. 2007இல் ஸ்வீடனில் மிட்டாக்ஸ்ஃப்ரீட் என்ற நிறுவனம், வார நாட்களின் இரவுச் சாப்பாட்டுக்கு வேண்டிய பொருட்களைச் சமையல் குறிப்போடு வீட்டில் கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தது. 2011இல் பெர்லினில் ஹலோஃப்ரெஷ் வந்தது. 2012இல் நியூயார்க்கில் மாட் சால்ஸ்பெர்க், இலியா பாபஸ், மாட் வாடியாக் மூவரும் ப்ளூ ஏப்ரனைத் தொடங்கினார்கள். முதலாமவர் முதலீட்டுத் துறையிலிருந்து வந்தவர், இரண்டாமவர் கணினிப் பொறியாளர், மூன்றாமவர் சமையற்காரர்.

இரண்டு பேருக்கான திட்டத்தில் வாரம் மூன்று சமையல், ஆறு தட்டு. அப்போது விலை 59.94 டாலர், அதாவது தட்டுக்கு 9.99 டாலர். பெட்டியைத் திறந்தால் அடியில் ஐஸ் பொதிகளோடு இறைச்சியோ மீனோ இருக்கும். மேலே காய்கள். அப்புறம் சமையலுக்கு ஒரு சின்னப் பை, அதற்குள் சில்லறைச் சாமான்கள்: விரல் நீளக் குப்பியில் சோயா சாஸ், ஒரு துண்டு வெண்ணெய், பொட்டலத்தில் கொஞ்சம் மசாலா. எல்லாம் அந்த ஒரு சமையலுக்கு அளந்தது. கூடவே ஒரு பெரிய அட்டை. ஒரு பக்கம் சமைத்து முடித்த உணவின் படம், மறுபக்கம் ஆறு படிகளில் செய்முறை, ஒவ்வொரு படிக்கும் ஒரு படம்.

இதில் நேரம் எங்கே மிச்சமாகிறது? கடைக்குப் போகிற நேரம் கொஞ்சம் மிச்சம். ஆனால் முழுசாக இல்லை. வாரத்தில் ஏழு இரவுகள் உண்டு, பெட்டி மூன்றுக்குத்தான் வருகிறது. காலை உணவு, பிள்ளைகளின் டிபன் டப்பா, பால், முட்டை, மிச்ச நான்கு இரவு, இதற்கெல்லாம் எப்படியும் கடைக்குப் போயாக வேண்டும். போகிற கடையில் இன்னும் மூன்று நாளுக்கான காயை எடுத்துக் கூடையில் போட எத்தனை நிமிடம் ஆகும்?

அடுப்படியில் மிச்சமாவது அதைவிடக் குறைவு. காய் முழுசாகத்தான் வரும். கேரட்டைச் சீவ வேண்டும், பூண்டை உரித்துப் பொடியாக நறுக்க வேண்டும், எலுமிச்சைத் தோலைத் துருவ வேண்டும். ஒரு பக்கம் ஓவனில் கிழங்கு, இன்னொரு பக்கம் வாணலியில் கோழி, நடுவில் சாஸ். அட்டையில் 35 நிமிடம், 40 நிமிடம் என்று போட்டிருக்கும். கத்தி பிடித்துப் பழகியவருக்கு அது சரிவரும். பழகாதவருக்குக் கழுவி நறுக்குவதிலேயே பாதி நேரம் போய்விடும். சாப்பிட்டு முடித்தால் தொட்டியில் வாணலி, பேக்கிங் தட்டு, கிண்ணங்கள், பலகை. அப்புறம் பெட்டியை மடிக்க வேண்டும், ஐஸ் பொதியை என்ன செய்வது என்று பார்க்க வேண்டும், பிளாஸ்டிக்கைப் பிரிக்க வேண்டும்.

ஆறரை மணிக்கு வீட்டுக்குள் நுழைந்து, எட்டு மணிக்குள் பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டிய ஒருவருக்கு இது நேரத்தை மிச்சப்படுத்தும் ஏற்பாடு அல்ல. சமைக்க நேரம் இருக்கிறவருக்குத்தான் இது உதவும்.

அப்படியானால் பெட்டி எதைத்தான் தருகிறது? யோசிக்கிற வேலையை எடுத்துக்கொள்கிறது. அதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. "ராத்திரிக்கு என்ன?" என்ற கேள்வி வருடத்தில் 365 நாளும் வருகிறது. வீட்டில் என்ன இருக்கிறது, எது வாடப் போகிறது, யாருக்கு எது பிடிக்காது, நேற்று என்ன சாப்பிட்டோம் என்று எல்லாம் ஒருவர் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். பெரும்பாலும் அது அம்மாவின் தலை. கரண்டி பிடிக்கிற வேலையைவிட அந்த ஓயாத கணக்குதான் பலரைக் களைப்பாக்குகிறது.

அந்த அட்டையின் பெரிய பலனே இங்கேதான் என்று நான் நினைக்கிறேன். வீட்டுச் சமையலின் அறிவு ஒரே ஆளிடம் இருக்கும்போது மற்றவர் உதவ நினைத்தாலும் முடிவதில்லை. எந்த டப்பாவில் எது, எத்தனை ஸ்பூன், எப்போது அடுப்பைக் குறைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றையும் கேட்க வேண்டியிருக்கும். சொல்லிக்கொண்டே இருப்பதற்குத் தானே செய்துவிடலாம் என்று தோன்றிவிடும். பெட்டி வந்தால், சீரகம் எங்கே இருக்கிறது என்று தெரியாத கணவரோ, பதினாறு வயதுப் பிள்ளையோ அட்டையைப் பார்த்து முதலிலிருந்து கடைசிவரை தானே செய்து முடிக்கலாம். ஒரு வீட்டில் சமையல் பொறுப்பு கை மாற வேண்டும் என்றால், அதற்கு இதைவிட எளிய கருவி எனக்குத் தெரிந்து இல்லை.

அளந்து கொடுத்தால் மிஞ்சாது

மீல் கிட் பற்றிய பேச்சில் அடிக்கடி வருவது கழிவு. இவ்வளவு பிளாஸ்டிக்கா என்று யாருக்கும் பதறும். 2019இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். சால்மன், சீஸ் பர்கர், கோழி, பாஸ்தா, சாலட் என்று ஐந்து சமையலை எடுத்து, ப்ளூ ஏப்ரன் பெட்டியிலிருந்து செய்தால் எவ்வளவு பசுங்குடில் வாயு வெளியாகிறது, கடையில் வாங்கிச் செய்தால் எவ்வளவு என்று ஒப்பிட்டார்கள். உறைகள் பெட்டியில்தான் அதிகம். ஆனாலும் மொத்தத்தில் பெட்டிச் சமையலுக்குச் சராசரியாக 6.1 கிலோ, கடைச் சமையலுக்கு 8.1 கிலோ. காரணம், பெட்டியில் உணவு வீணாவது குறைவு. கடையில் ஒரு கட்டுக் கீரை வாங்கி அரைக் கட்டைக் குப்பையில் போடுகிறோம், பெட்டியில் அரைக் கட்டுதான் வருகிறது. கடை அலமாரியிலேயே அழுகிப்போகும் பங்கும் அதில் இல்லை.

இது உண்மையான நன்மை. பிளாஸ்டிக்கைப் பார்த்து மட்டும் பெட்டியைக் குறை சொல்கிறவர்கள் இந்த ஆய்வைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் வீணாகாமல் காக்கும் அதே அளவுதான் வேலைப்பளு உள்ள சமையற்காரருக்கு எதிராகவும் போகிறது. இரண்டு பேருக்கு என்றால் இரண்டு தட்டு, அதற்கு மேல் ஒரு கரண்டி கிடையாது. வேலைக்குப் போகிறவர்கள் உண்மையில் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு முறை சமைத்து இரண்டு மூன்று வேளை ஓட்டுகிறார்கள். ப்ளூ ஏப்ரனின் பெரிய கிடங்கு இருந்த லிண்டன் நகரம் நியூ ஜெர்சியில் இருக்கிறது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் எடிசன் வட்டாரத்தில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அந்த வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை அரைத்த மாவு திங்கள் இட்லி, செவ்வாய் தோசை, வியாழன் ஊத்தப்பம் என்று போகும். திங்கள் ராத்திரி வைத்த சாம்பார் செவ்வாய் மதியம் ஆபீஸ் டப்பாவில் இருக்கும். புளிக்குழம்பு அடுத்த நாள்தான் ருசியே. இங்கே நேரத்தை மிச்சப்படுத்துவது மீந்து இருப்பதுதான். அமெரிக்க வீடுகளிலும் ஞாயிறு சுட்ட கோழி திங்கள் சாண்ட்விச்சாகவும் செவ்வாய் சூப்பாகவும் மாறுவது பழைய வழக்கம்.

பெட்டி இந்தத் தொடர்ச்சியை அறுத்துவிடுகிறது. ஒவ்வொரு இரவும் தனித்தனி: செவ்வாய் தாய்லாந்து, புதன் இத்தாலி, வியாழன் மெக்சிகோ. ஒவ்வொரு இரவும் முதலிலிருந்து நறுக்கி, முதலிலிருந்து வதக்கி, முதலிலிருந்து பாத்திரம் தேய்க்க வேண்டும். நாற்பது நிமிட உழைப்பு ஒரு வேளையோடு தீர்ந்துவிடுகிறது. மறுநாள் மதியத்துக்கு மறுபடி ஏதாவது பார்க்க வேண்டும். ஒரு வேளைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்கிட்டால் எளிய வீட்டுச் சமையலிடம் பெட்டி தோற்றுப்போகும். விலையிலும் இதே கதைதான். அறுபது டாலருக்கு ஆறு தட்டு. அதே அறுபது டாலரைப் பருப்பு, அரிசி, காய், முட்டை என்று செலவழித்தால் சின்னக் குடும்பத்துக்கு எத்தனை வேளை வரும் என்று சமைக்கிற எவருக்கும் தெரியும்.

வாரக் கடிகாரம்

சந்தாவில் இன்னொரு நிபந்தனை இருந்தது. ஒரு வாரம் வேண்டாம் என்றால் பல நாள் முன்பே தளத்துக்குள் போய் நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது. மறந்தால் பெட்டி கிளம்பிவிடும், பணமும் போய்விடும்.

அடுத்த வியாழக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு மீட்டிங் வருமா, பிள்ளைக்குக் காய்ச்சல் வருமா, ஊரிலிருந்து யாராவது வருவார்களா என்று இன்றைக்கே சொல்லக்கூடியவருக்கு இது சரிவரும். நேரமில்லாமல் ஓடுகிறவருக்கு அது தெரியாது. நேரம் குறைவாக இருப்பது ஒரு பிரச்சினை, நேரம் எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் இருப்பது வேறு பிரச்சினை. இரண்டாவதுதான் பெரும்பாலான வேலைக்குப் போகும் வீடுகளின் நிலை. பெட்டியோ முதலாவதைக் கூடச் சரியாகத் தீர்க்கவில்லை, இரண்டாவதை அதிகமாக்குகிறது. குளிர்ப்பெட்டியில் மீன் உட்கார்ந்திருக்கிறது, இன்று சமைக்காவிட்டால் கெட்டுவிடும், இன்றோ வீட்டுக்கு வரவே ஒன்பது மணி. கடைக் காய் என்றால் இரண்டு நாள் தள்ளிப் போடலாம். பத்து டாலர் தட்டை அப்படி விட மனசு வராது. ஓய்வு தருவதற்காக வாங்கியது ஒரு கடமையாகிவிடுகிறது.

4.1 என்ற எண்ணை நான் இப்படித்தான் படிக்கிறேன். பேராசிரியர் டேனியல் மெக்கார்த்தி அதே ஆவணத்திலிருந்து போட்ட கணக்கில், சேர்ந்தவர்களில் சுமார் 72 சதவீதம் பேர் ஆறு மாதத்துக்குள் விலகிவிடுகிறார்கள் என்று மதிப்பிட்டார். போகிறவர்களின் இடத்தை நிரப்ப நிறுவனம் விளம்பரத்தில் பணத்தைக் கொட்டியது. 2016இல் விற்பனை 79.5 கோடி டாலர், அதில் விளம்பரச் செலவு மட்டும் 14.4 கோடி. 2017இன் முதல் காலாண்டில் விற்பனையில் நான்கில் ஒரு பங்கு விளம்பரத்துக்கே போனது. முதல் பெட்டியில் தள்ளுபடி பார்த்துச் சேர்ந்து, முழு விலை வந்ததும் விலகியவர்கள் அதில் நிறையப் பேர் இருக்கத்தான் செய்வார்கள். வேறு ஒரு வகையினரும் இருந்திருப்பார்கள். நாலைந்து மாதம் அட்டைகளைப் பார்த்துச் சமைத்து, கோழியை எப்படிச் சரியாக வறுப்பது, சாஸை எப்படிக் குறுக்குவது என்று கற்றுக்கொண்டு, இனி பெட்டி வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள். அவர்கள் கணக்கில் பெட்டி வெற்றி. நிறுவனத்தின் கணக்கில் அது இழப்பு.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2017 ஜூன் 16ஆம் தேதி ஹோல் ஃபுட்ஸ் மளிகைக் கடைகளை 1,370 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அமேசான் அறிவித்தது. அமேசானின் போட்டியை முதலீட்டாளர்கள் அஞ்ச, பங்குக்கு 15 முதல் 17 டாலர்வரை எதிர்பார்த்திருந்த ப்ளூ ஏப்ரன் அதே மாதக் கடைசியில் 10 டாலருக்கு விற்க வேண்டியதாயிற்று. லிண்டன் கிடங்கின் புதிய இயந்திர ஏற்பாடுகள் சிக்கலில் மாட்டின. அந்த வருடக் கடைசியில் வாடிக்கையாளர்கள் 7.46 லட்சம், 2018 கடைசியில் 5.57 லட்சம், 2019 கடைசியில் 3.51 லட்சம். அமேசானும் கிடங்கும் பெரிய காரணங்கள்தான். ஆனால் நன்றாகப் பொருந்திய ஒன்றை இத்தனை பேர் இவ்வளவு சீக்கிரம் விட்டுவிட மாட்டார்கள்.

என் வாசிப்புக்கு வலுவான சான்று 2020இல் கிடைக்கிறது. பிப்ரவரியில் நிறுவனத்தையே விற்றுவிடலாமா என்று ஆலோசித்துக்கொண்டிருந்தார்கள். மார்ச்சில் கொரோனா ஊரடங்கு. திடீரென்று ஆர்டர்கள் ஏறின, பங்கு விலை சில நாளில் பல மடங்கானது, ஜூன் காலாண்டில் வாடிக்கையாளர்கள் 3.96 லட்சமானார்கள். பெட்டியில் எதுவும் மாறவில்லை. மாறியது மக்களின் வாரம். எல்லோரும் வீட்டில். எந்த மாலை யார் எங்கே என்று முன்கூட்டியே தெரியும். பயணம் இல்லை, விருந்து இல்லை, ராத்திரி ஒன்பதுக்கு வீடு திரும்புவது இல்லை. கடைக்குப் போவதே பயம். பெட்டி எந்த மாதிரியான வாழ்க்கைக்குப் பொருந்துமோ அந்த வாழ்க்கை கொஞ்ச காலம் எல்லோருக்கும் வந்தது. அது முடிந்ததும் எண் மறுபடி இறங்கியது. 2022 கடைசியில் 2.98 லட்சம். 2023 நவம்பரில் உணவு டெலிவரி நிறுவனமான வொண்டர் குழுமம் ப்ளூ ஏப்ரனை சுமார் 10.3 கோடி டாலருக்கு வாங்கியது. பங்குச் சந்தைக்கு வந்தபோது மதிப்பு 190 கோடி டாலருக்குப் பக்கம்.

மிஞ்சி நின்ற போட்டியாளர் ஹலோஃப்ரெஷ் போன வழியும் கவனிக்க வேண்டியது. 2020இல் அது ஃபாக்டர் என்ற நிறுவனத்தை வாங்கியது. ஃபாக்டர் அனுப்புவது சமைத்து முடித்த சாப்பாடு, மைக்ரோவேவில் சூடாக்கினால் போதும். பிந்தைய வருடங்களில் ஹலோஃப்ரெஷின் மீல் கிட் விற்பனை இறங்க, இந்தத் தயார் சாப்பாடு வேகமாக வளர்ந்தது. ப்ளூ ஏப்ரனும் 2025இல் சந்தா கட்டாயத்தை எடுத்துவிட்டது. வேண்டும்போது வேண்டியதை வாங்கிக்கொள்ளலாம். சூடாக்கிச் சாப்பிடுகிற வகையும், ஒரே தட்டில் சேர்த்து ஓவனில் வைத்துவிடுகிற வகையும் பட்டியலில் சேர்ந்தன. நேரமில்லாதவருக்கு எது தேவை என்பதை இரண்டு நிறுவனங்களும் தங்கள் விற்பனையிலேயே பார்த்துவிட்டன.

யார் வாங்கலாம்

கணவன் மனைவி இருவர், வேலை நேரம் ஏறக்குறைய ஒழுங்கானது, ஏழு மணிக்கு இருவரும் வீட்டில், சமையல் ஒருவருக்கு மட்டும்தான் தெரியும், மற்றவருக்குக் கற்றுக்கொள்ள ஆசை. இப்படிப்பட்ட வீட்டுக்கு நான் தயங்காமல் சிபாரிசு செய்வேன். மூன்று நான்கு மாதம் வாங்குங்கள், சமைக்கத் தெரியாதவரே பெட்டியைத் திறக்கட்டும், அட்டைகளைப் பத்திரப்படுத்துங்கள். பிடித்தவற்றை அப்புறம் கடைப் பொருளில் இரட்டை அளவில் செய்து மறுநாளுக்கும் வைத்துக்கொள்ளலாம். படிப்பு முடிந்து முதல்முறை தனியாகக் குடிபோகிற இளைஞருக்கும் இது நல்ல பள்ளிக்கூடம்.

சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில், அதுவும் மாறி மாறி ஷிஃப்ட் பார்க்கிறவர்கள் இருந்தால், சந்தா வேண்டாம். நர்ஸ் வேலையிலோ, நினைத்த நேரத்தில் அழைப்பு வரும் கணினி வேலையிலோ இருப்பவர்களுக்கு வாரம் முன்னாடி திட்டம் போடுவது நடக்காத காரியம். சந்தா இல்லாமல் ஒரு பெட்டி கிடைத்தால், விடுமுறை வாரத்தில் வாங்கிப் பார்க்கலாம். வார நாட்களுக்கு இட்லி மாவும், ஃப்ரீசரில் உறைந்த காயும், ஞாயிற்றுக்கிழமை வேகவைத்து வைத்த பருப்பும் அவர்களை நன்றாகவே காப்பாற்றும்.

சேர்ந்தே தீருவது என்றால் இரண்டு விஷயம். தள்ளுபடி விலையில் முடிவெடுக்காதீர்கள், முழு விலையை அனுப்பும் கட்டணத்தோடு சேர்த்து, உங்கள் வீட்டின் ஒரு வாரக் கடைச் செலவோடு ஒப்பிடுங்கள். விலகும் வழியைச் சேருவதற்கு முன்பே பார்த்து வையுங்கள். தானாகப் புதுப்பிக்கும் சந்தா தொடர்பான வழக்கில் ஹலோஃப்ரெஷ் 2025இல் கலிபோர்னியாவில் 75 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. எந்த நிறுவனத்தில் சேர்ந்தாலும், அடுத்த பெட்டியை நிறுத்துவதற்கான கடைசி நாளைச் சேர்ந்த அன்றைக்கே போனில் வாராந்திர நினைவூட்டலாகப் போட்டுவிடுங்கள். அந்த நினைவூட்டல் வரும்போது அடுத்த வாரத்தின் மூன்று மாலைகளை உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றால் அந்த வாரத்துப் பெட்டியை நிறுத்திவிடுங்கள்.